ஒரு குப்பி ஆன்டிபாடியின் வரவு செலவு

100 மைக்ரோகிராம், 400 டாலர். டி.என்.ஏ.யில் மெத்தில் ஏற்றும் நொதிகளைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் பட்டியல் விலை பெரும்பாலும் 300 டாலருக்கும் 600 டாலருக்கும் நடுவில் நிற்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 400 எடுத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 34,000 ரூபாய். விமானக் கூலி, ஐஸ் பெட்டி, சுங்கம், வரி எல்லாம் தனி. குப்பிக்குள் இருப்பது 100 மைக்ரோலிட்டர், ஏறக்குறைய இரண்டு சொட்டு. கிராமுக்கு மாற்றிப் பார்த்தால் 40 லட்சம் டாலர், அதாவது 34 கோடி ரூபாய். தங்கத்தைப் பேச்சுக்கே இழுக்க வேண்டாம்.

ஆனால் இந்த கிராம் கணக்கு ஆளை மிரட்டுமே ஒழிய ஒன்றையும் விளக்காது. ஆன்டிபாடியை எண்ணிக்கையில் பார்க்க வேண்டும். ஒரு ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000 டால்டன். அப்படியானால் 100 மைக்ரோகிராமில் 4 கோடி கோடி ஆன்டிபாடிகள் இருக்கின்றன: 4-க்குப் பின்னால் 14 சுழியம். ரூபாய்க்கு ஏறக்குறைய 1,180 கோடி! எடை போட்டால் யானை விலை, எண்ணிப் பார்த்தால் கொள்ளை மலிவு. ஆய்வகத்துக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது கணக்குதான்.

தேடப்படும் ஆள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். டி.என்.ஏ. எழுத்துகளில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில், சைட்டோசின்மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, ஆனால் அங்குள்ள மரபணு படிக்கப்படுமா, மூடிக் கிடக்குமா என்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒட்டும் வேலையைச் செய்பவை மூன்று நொதிகள். டிஎன்எம்டி1 பழைய குறிகளைப் புதிய இழைக்குப் பிரதி எடுக்கிறது. அதன் நீளம் 1,616 அமினோ அமிலம். டிஎன்எம்டி3ஏ (912), டிஎன்எம்டி3பி (853) இரண்டும் புதிய இடங்களில் குறி வைக்கின்றன. டிஎன்எம்டி1-இன் மரபணுவை எலியிலிருந்து டிமதி பெஸ்டர் 1988-இல் பிரித்தெடுத்தார். மற்ற இரண்டும் வெளிவர மேலும் 10 ஆண்டுகள் ஆயின. டிஎன்எம்டி2 என்று ஒன்றுக்கும் பெயர் வைத்தார்கள். அது கடைசியில் டி.என்.ஏ.யை விட்டுவிட்டு ஆர்.என்.ஏ.மேல் மெத்தில் ஏற்றும் நொதி என்று 2006-இல் தெரிந்தது. பட்டியலில் இன்றும் 2 காலியாகத்தான் இருக்கிறது.

டிஎன்எம்டி1-இன் வேலைப்பளுவையும் கணக்கில் எழுதிவிடலாம். மனித செல் ஒன்றின் இரண்டு தொகுதிக் குரோமோசோம்களிலும் சேர்த்து இப்படிப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 5.6 கோடி. அவற்றில் 70 விழுக்காட்டில் மெத்தில் இருப்பதாகக் கொண்டால் 3.9 கோடி. செல் பிளவுக்கு முன் டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஒவ்வோர் இடமும் இரண்டாகிறது, இரண்டிலும் புது இழை வெறுமையாக இருக்கும். ஆகவே ஒட்ட வேண்டிய மெத்தில்கள் 7.8 கோடி. இரட்டிப்புக்கு ஆகும் நேரம் 8 மணி என்றால் விநாடிக்கு 2,700. செல்லில் 1 லட்சம் டிஎன்எம்டி1 இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 37 விநாடிக்கு ஒரு மெத்தில் வீதம் வைத்தாக வேண்டும். இந்த 1 லட்சம் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். செல்லுக்குச் செல் மாறும், பிளவுபடாத செல்லில் வெகுவாகக் குறையும்.

இனி ஒரு கவர்ஸ்லிப். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வட்டம், அதன்மேல் 50,000 செல்கள். 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் கால் மணி நேரம் வைத்து நிலைப்படுத்தி, டிரைட்டான் என்ற சவர்க்காரம் ஊற்றிச் செல் சவ்வில் துளை விட்டு, ஆன்டிபாடியை 100 மடங்கு நீர்க்கவைத்து 50 மைக்ரோலிட்டர் விடுகிறோம். அதில் இருப்பது அரை மைக்ரோகிராம். விலை 2 டாலர், 170 ரூபாய். எண்ணிக்கை 2 லட்சம் கோடி. செல் ஒன்றுக்கு 4 கோடி ஆன்டிபாடி வருகிறது. பிடிக்க வேண்டிய நொதியோ 1 லட்சம். ஒரு நொதிக்கு 400 ஆன்டிபாடிகள் வரிசையில் நிற்கின்றன. அத்தனை நொதியிலும் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் பயன்பட்டது கால் விழுக்காடுதான். 170 ரூபாயில் 42 பைசாவுக்கு வேலை நடந்தது, மீதி முழுக்கக் கழுவுநீரோடு சாக்கடைக்குப் போயிற்று.

இந்த விரயத்துக்காக யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது சாக்கடைக்குப் போகாமல் தங்கிவிட்டதைப் பற்றி. 4 கோடியில் ஆயிரத்துக்கு ஒன்று கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டாலும் 40,000. உண்மையான சமிக்ஞை 1 லட்சம், பொய் 40,000. ஆன்டிபாடியில் கோத்த ஒளிரும் சாயத்தால் மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே பச்சையாகத் தெரியும். ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை கழுவு என்று செய்முறைக் குறிப்பில் எழுதியிருப்பதும், ஆன்டிபாடி விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆல்புமினில் ஊறவைக்கச் சொல்வதும் இந்த 40,000-ஐக் குறைக்கத்தான்.

சாயக் கணக்கு தனி. ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை முதலில் கோத்தவர் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ், 1941-இல். அவர் பயன்படுத்திய ஆந்திரசீன் நீலமாக ஒளிர்ந்தது. திசுவும் தன் பங்குக்கு நீலமாக ஒளிர்ந்து தொலைத்தது. அடுத்த ஆண்டே பச்சையாக ஒளிரும் ஃப்ளூரசினுக்கு மாறினார். இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் அலெக்சா ஃப்ளூர் 488 அதே பச்சைதான், ஆனால் ஒளியில் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, அமிலத்தில் மங்காது. அதை உருவாக்கிய மாலிக்யுலர் புரோப்ஸ் நிறுவனத்தை ஹாக்லண்ட் தம்பதி 1975-இல் தொடங்கினார்கள். 2003-இல் இன்விட்ரோஜன் அதை 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. சாயத்துக்கு வைத்த பெயர் அவர்கள் மகன் அலெக்ஸுடையது.

சாயம் ஏற்றிய ஆன்டிபாடியைக் கடையில் வாங்கலாம், ஆய்வகத்திலேயே ஏற்றியும் கொள்ளலாம். இரண்டாவதன் கணக்கு சுவையானது. 100 மைக்ரோகிராம் ஆன்டிபாடி என்பது 0.67 நானோமோல். அதற்கு 15 மடங்கு சாயம், 10 நானோமோல். எடையில் 6.4 மைக்ரோகிராம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகள். சாயத்தின் வினைபுரியும் முனை ஆன்டிபாடியின் லைசின்களில் போய் ஒட்டும். ஒரு ஆன்டிபாடியில் 80-க்கு மேற்பட்ட லைசின்கள் உண்டு, எட்டும் தூரத்தில் இருப்பவை 30 வாக்கில். லைசினுக்குப் போட்டியாக அங்கே தண்ணீரும் இருக்கிறது. பி.எச். 7-இல், பனிக்கட்டியில் வைத்திருந்தால், அந்த முனை பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். பி.எச். 8.6-இல் 10 நிமிடம் போதும். லைசின் வினைபுரிய பி.எச். 8-க்கு மேல் வேண்டும், சாயம் உயிரோடிருக்க 8-க்குக் கீழ் வேண்டும். சமரசம் 8.3-இல் முடிந்திருக்கிறது. குப்பியில் ஏற்கெனவே டிரிஸ், கிளைசின், ஆல்புமின் ஏதாவது கலந்திருந்தால் சாயம் அவற்றில் போய் ஒட்டிவிடும், ஆன்டிபாடிக்கு மிச்சம் வராது. கேட்லாக்கில் 'ஆல்புமின் கலக்காதது' என்று தனி வரி போட்டு, பல இடங்களில் கூடுதல் விலையும் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஏறியது எவ்வளவு என்று பார்க்க இரண்டு அளவீடு போதும். எடுத்துக்காட்டாக, சாயத்தின் உச்சமான 494 நானோமீட்டரில் உறிஞ்சல் 2.13, புரதத்தின் 280-இல் 1.40 என்று வருகிறது. 2.13-ஐச் சாயத்தின் உறிஞ்சல் எண்ணான 71,000-ஆல் வகுத்தால் சாயம் 30 மைக்ரோமோலார். சாயமும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும், தன் உச்சத்தில் 11 விழுக்காடு. அந்த 0.23-ஐக் கழித்தால் 1.17, அதை ஆன்டிபாடியின் உறிஞ்சல் எண்ணான 2,03,000-ஆல் வகுத்தால் புரதம் 5.7 மைக்ரோமோலார். 30-ஐ 5.7-ஆல் வகுக்க, ஆன்டிபாடிக்கு 5.2 சாயம். 4-இலிருந்து 9 வரை நல்லது என்பது இந்தச் சாயத்துக்கான வழக்கமான வரையறை. 15 கொடுத்து 5 ஏறியிருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு சாயம் வடிகட்டும் குழாயில் தங்கிவிட்டது.

சராசரி 5 என்றால் எல்லாவற்றிலும் 5 என்று பொருளல்ல. ஒன்றில் 2 இருக்கும், பக்கத்திலுள்ளதில் 9 இருக்கும். பாய்சான் பரவல்படி சாயமே ஏறாத ஆன்டிபாடி, சராசரி 5-ஆக இருந்தால் 0.7 விழுக்காடுதான். சராசரி 2-ஆக இறங்கினால் 13.5 விழுக்காடு, 1-ஆக இறங்கினால் 37 விழுக்காடு. சாயமற்றவை சும்மா போவதில்லை. நொதியில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஒளிரக்கூடியவற்றுக்கு வழிவிடாமல் இருட்டைக் காட்டும். சரி, சராசரியை 15-க்கு ஏற்றிவிடலாமே என்றால், நெருங்கி நிற்கும் சாயங்கள் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கும். பிடிக்கும் நுனியில் இருக்கும் லைசினிலும் சாயம் ஒட்டி, பிடியே தளரும்.

நேரடியாகச் சாயம் ஏற்றியதை விடுத்து, நொதியைப் பிடிக்க முயலில் உருவான சாயமில்லா ஆன்டிபாடியை முதலில் விட்டு, அதைப் பிடிக்கும் சாயம் ஏற்றிய ஆட்டு ஆன்டிபாடியை மேலே விடும் இரண்டடுக்கு முறை எவ்வளவோ மலிவு. அரை மில்லிலிட்டர் குப்பி 300 டாலர் என்று வைத்து, 1,000 மடங்கு நீர்க்கவைத்தால் 10,000 கவர்ஸ்லிப்புக்கு வரும்: ஒன்றுக்கு இரண்டரை ரூபாய். முயல் ஆன்டிபாடி ஒன்றன்மேல் ஆட்டு ஆன்டிபாடிகள் பல ஏறுவதால் ஒளியும் கூடும். அப்புறம் ஏன் நேரடிச் சாயத்துக்குச் செலவு? டிஎன்எம்டி1-ஐயும் 3ஏ-ஐயும் ஒரே செல்லில் பார்க்க நினைத்து, கிடைத்த நல்ல ஆன்டிபாடி இரண்டுமே முயலிலிருந்து வந்தவையாக இருந்தால் ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே நேரடிச் சாயம்தான் எளிய வழி. செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் அடுக்கு குறைந்தால் கழுவலும் குறையும், கழுவும்போது தொலையும் செல்லும் குறையும்.

ஒளியின் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஃப்ளூரசின் மூலக்கூறு ஒன்று நிரந்தரமாக அணைவதற்கு முன் 30,000 முதல் 40,000 ஃபோட்டான் உமிழும். 1.4 எண் துளை (ஒளியை வாங்கும் திறனின் அளவு) கொண்ட நல்ல லென்ஸ்கூட அதில் 30 விழுக்காட்டைத்தான் வாரிக்கொள்ளும். குவியம் தேடுகிறேன் என்று லேசரைப் போட்டபடி ஐந்து நிமிடம் துழாவுகிறவர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவழிக்கிறார்.

நொதியையும் அது வைத்த மெத்திலையும் ஒருசேரப் பார்க்க நினைத்தால் ஒரு சிக்கல் குறுக்கே வரும். மெத்தில் சைட்டோசினைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு டி.என்.ஏ. ஒற்றை இழையாகப் பிரிந்திருக்க வேண்டும். அதற்காக 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைப்பார்கள். அந்த அமிலம் புரதங்களின் வடிவத்தைக் குலைத்துவிடும். ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் நொதிக்கு ஆன்டிபாடி, அதை ஃபார்மால்டிஹைடில் மறுபடி நிலைப்படுத்துவது, பிறகு அமிலம், கடைசியாக மெத்திலுக்கான ஆன்டிபாடி.

இவ்வளவும் சரியாக நடந்தும் மொத்தக் கணக்கு தவறலாம். எச்.சி.டி.116 என்ற பெருங்குடல் புற்று செல்லின் வரலாறு அதற்குச் சாட்சி. 2000-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் இந்தச் செல்லில் டிஎன்எம்டி1 மரபணுவை உடைத்தார்கள். மெத்திலேற்றம் சரியும் என்று எதிர்பார்க்க, குறைந்தது 20 விழுக்காடு மட்டுமே. 2002-இல் டிஎன்எம்டி3பி-ஐயும் சேர்த்து உடைத்தபோது 95 விழுக்காட்டுக்கு மேல் போயிற்று. மனிதப் புற்று செல்லில் டிஎன்எம்டி1 அவ்வளவு முக்கியமில்லை, 3பி கைகொடுத்துவிடுகிறது என்ற எண்ணம் பரவியது. எலியில் 1992-இலேயே, இந்த மரபணு இல்லாத கருக்கள் பிழைக்காது என்று காட்டியிருந்தார்கள். மனிதச் செல் வேறு மாதிரி போலும் என்று தேற்றிக்கொண்டார்கள்.

2006, 2007-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் விஷயத்தை உடைத்தன. உடைக்கப்பட்ட துண்டைத் தாண்டிக் குதித்து, செல் ஒரு குட்டையான டிஎன்எம்டி1-ஐச் செய்துகொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு பகுதி போயிருந்தது, வினை நடக்கும் பின்பக்கம் பத்திரமாக இருந்தது. போன பகுதியில்தான் இரட்டிப்பு நடக்கும் இடத்தில் பிசிஎன்ஏ என்ற வளையத்தைப் பற்றிக்கொள்ளும் பிடி இருந்தது. 2007-இல் மரபணுவை உண்மையாகவே நீக்கிப் பார்த்தபோது எச்.சி.டி.116 செல்கள் ஒழுங்காகப் பிளவுபட முடியாமல் மாண்டன. ஆக, 'இல்லை' என்று ஏட்டில் எழுதியது ஆறேழு ஆண்டுகளாகச் செல்லுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆன்டிபாடி பார்க்கும் பரப்பைக் கணக்கிட்டால் இதில் வியப்பு ஏதுமில்லை. அது பற்றுவது பல நேரங்களில் தொடர்ச்சியான ஏழெட்டு அமினோ அமிலங்களை மட்டுமே. 1,616-இல் 8 என்பது அரை விழுக்காடு. அந்த அரை விழுக்காடு போன பகுதியில் இருந்தால் செல் காலி என்று சொல்லும். பின்பக்கத்தில் இருந்தால், கொஞ்சம் குட்டையாக ஒருவன் இருக்கிறான் என்று ஜெல்லில் காட்டும். மைக்ராஸ்கோப்பில் அந்தக் குட்டையும் தெரியாது, பச்சை பச்சையாகத்தான் இருக்கும். டிஎன்எம்டி3ஏ-இலும் இதே வம்பு: முதல் 220 அமினோ அமிலம் வாக்கில் இல்லாத 3ஏ2 என்ற தம்பி ஒருவன் உண்டு, முன்பக்கத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு அவன் தெரியவே மாட்டான். பின்பக்கத்தைப் பிடிக்கலாம் என்றால், அங்கே 3ஏ-வும் 3பி-யும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுபோல இருக்கின்றன. ரத்தப் புற்றாய்வில் இது விளையாட்டில்லை. 2010-இல் வந்த ஆய்வில், தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகள் 281 பேரில் 62 பேருக்கு டிஎன்எம்டி3ஏ-இல் மாற்றம் இருந்தது, 22 விழுக்காடு. அந்தச் செல்களில் 3ஏ என்று நினைத்து 3பி-யை அளந்துவைத்தால் என்ன ஆகும்?

ஆகவே நான் பார்க்க விரும்பும் பில் இப்படி இருக்கும். ஒரு பரிசோதனைக்கு 24 கவர்ஸ்லிப்; 12 கேள்விக்கு, 12 சரிபார்ப்புக்கு. மைக்ராஸ்கோப் வாடகை மணிக்கு 40 டாலர், ஒன்றுக்குப் 10 நிமிடம்.

முதல் ஆன்டிபாடி, 20 கவர்ஸ்லிப்புக்கு: 40 டாலர்
ஆட்டு ஆன்டிபாடி, 24-க்கு: 72 சென்ட்
மைக்ராஸ்கோப், 4 மணி: 160 டாலர்
மொத்தம்: 200 டாலர் 72 சென்ட், ஏறத்தாழ 17,060 ரூபாய்

சரிபார்ப்பு 12-இல் நான்கு, ஆட்டு ஆன்டிபாடி மட்டும் விட்டவை. நான்கு, நொதி இல்லாத அல்லது குறைக்கப்பட்ட செல்கள். நான்கு, டிஎன்எம்டி1-ஐக் காலிசெய்யும் டெசிடாபின் என்ற மருந்து கொடுத்த செல்கள். இந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து 96 டாலர் ஆகிறது, 8,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சம்பளமும் செல் வளர்க்கும் செலவும் இதில் சேரவில்லை. முக்கால்வாசிக்கு மேல் விழுங்குவது மைக்ராஸ்கோப் வாடகை. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்த 96 டாலர்தான். அதை வெட்டினால் படத்தின் அழகு கொஞ்சமும் குறையாதே!

வெட்டியதன் மொத்தச் செலவை ஒருமுறை கூட்டிப் பார்த்தார்கள். 2015-இல் 'நேச்சர்' இதழில் பிராட்பரியும் ப்ளூக்துனும் எழுதிய மதிப்பீட்டின்படி, உலக ஆய்வகங்கள் ஆன்டிபாடி போன்ற புரதம் பிடிக்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 160 கோடி டாலர் செலவிட்டன, அதில் பாதி, 80 கோடி, சரியாக வேலை செய்யாத ஆன்டிபாடிகளுக்குப் போயிற்று. மெத்தில் குறி போன்றவற்றை ஆராயும் எபிஜெனடிக்ஸ் துறைக்குள்ளேயே 2011-இல் ஒரு சோதனை நடந்தது: டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்கள் 57-ஐக் குறிவைத்த 200-க்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளில் கால்வாசிக்கு மேல் தேறவில்லை. அண்மைக்காலத்தில் மான்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒய்காரோஸ் குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதம் நீக்கிய செல்களோடு ஒப்பிட்டு 2023-இல் முடிவை வெளியிட்டது. அவை மெத்திலேற்ற நொதிகள் அல்ல, பெரும்பாலும் நரம்பு நோய்கள் சார்ந்த புரதங்கள். ஆனாலும் அந்தக் கணக்கு இங்கும் உறைக்கும்: புரதம் ஒன்றுக்குச் சராசரியாக 12 ஆய்வுக்கட்டுரைகள், இலக்கை அடையாளம் காணவே தவறிய ஆன்டிபாடியைக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. முடிவைப் பார்த்த விற்பனையாளர்கள் தவறிய சரக்கில் சுமார் 20 விழுக்காட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், 40 விழுக்காட்டுக்குப் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றி எழுதினார்கள். விற்பவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த சோதனை என்பதால் இது நடந்தது. கட்டுரைகளில் திட்டித் தீர்த்த காலத்தில் இவ்வளவு நடக்கவில்லை.

டிஎன்எம்டி1-ஐப் பொறுத்தவரை சரிபார்ப்புக்கு மற்றப் புரதங்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. டெசிடாபின் என்பது 2006 முதல் அமெரிக்காவில் ரத்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. அது டி.என்.ஏ.யில் நுழைந்து, மெத்தில் வைக்க வரும் நொதியை அப்படியே ஒட்டவைத்துவிடும். மாட்டிய டிஎன்எம்டி1-ஐச் செல் சிதைத்துவிடும். பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் 1 மைக்ரோமோலார் கொடுத்து ஒரு நாள் விட்டால் பச்சை மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. 10 மில்லிலிட்டர் தட்டு ஒன்றுக்குத் தேவை 2.28 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 2,190 தட்டுகளுக்குக் காணும். நீரில் கரைத்தால் அதிக நேரம் நிலைக்காது என்பதால், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துச் சிறு சிறு பங்குகளாக உறையவைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பத்தில் ஒன்பது பங்கைக் கொட்டினாலும் 219 தட்டு மிஞ்சுகிறது.